‘மாட்டேன்’ என்று சொல்லும் பெண்கள்: ஆரம்பகால ஆங்கிலக் குடும்ப நாவல்களில் கல்யாணமும் ஒழுக்கமும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "பணக்கார மாப்பிள்ளை பிடிக்கிற கதைதானே" என்பார் ஒருவர். "பொண்ணுங்க கற்போட இருக்கணும்னு பாடம் நடத்துற கதை" என்பார் இன்னொருவர். நான் எம்.ஏ. படித்தபோது ‘பாமெலா’ பாடத்திட்டத்தில் இருந்தது. நாவலை யாரும் முழுசாகப் படிக்கவில்லை, கடையில் வாங்கிய நோட்ஸைத்தான் படித்தோம். கற்பைக் காப்பாற்றிய வேலைக்காரப் பெண்ணுக்கு எஜமானே கணவனாகக் கிடைத்தான் என்று நாலு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ரொம்ப வருஷம் கழித்து அதே புத்தகத்தை ஆற அமர உட்கார்ந்து படித்தபோதுதான் நான் எழுதியது எவ்வளவு மேலோட்டமானது என்று புரிந்தது. அந்தப் பெண் பக்கத்துக்குப் பக்கம் "மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளைச் சுற்றியிருக்கும் பெரிய மனிதர்கள் யார் காதிலும் அது விழவே இல்லை.

அந்தக் கால நாவல்களில் ஒழுக்கம் பற்றிய பேச்செல்லாம் ஏன் கல்யாணத்தைச் சுற்றியே வருகிறது, அங்கே யாருடைய ஒழுக்கம் சோதிக்கப்படுகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் பணக்கணக்கும் தெரிந்தால் போதும். இலக்கியக் கோட்பாடு எதுவும் வேண்டாம்.

கையெழுத்துக்கு முன், கையெழுத்துக்குப் பின்

ஒரு பவர் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு, சம்பளம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இன்னொருவர் கையில் கொடுக்கிற பத்திரம். சாதாரண பவர் பத்திரம் என்றால் பிடிக்கவில்லையென்றால் ரத்து செய்துவிடலாம். இதை ரத்து செய்ய முடியாது, இருவரில் ஒருவர் சாகும்வரை செல்லும் என்று வையுங்கள். உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் அதிலேயே போய்விடுகிறது.

இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை நாள் யோசிப்பீர்கள்? எதிராளி எப்படிப்பட்டவர், கோபம் வந்தால் என்ன செய்வார், கடன் இருக்கிறதா, குடிப்பாரா, வேலைக்காரர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று துருவித் துருவிப் பார்ப்பீர்கள் இல்லையா? பேனா காகிதத்தைத் தொடும் வரைதான் உங்களுக்குப் பலம். தொட்ட பிறகு அவர் நல்லவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் கிட்டத்தட்ட இந்தப் பத்திரம்தான்.

சட்டம் என்ன சொன்னது

இதற்குச் சட்டத்தில் ‘கவர்ச்சர்’ என்று பெயர். மூடி மறைத்தல், போர்த்துதல் என்ற பொருளில் வரும் பழைய சொல். கல்யாணம் ஆனதும் மனைவியின் சட்டரீதியான இருப்பு கணவனுடைய இருப்புக்குள் மறைந்துவிடும் என்பது ஏற்பாடு. வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் 1765-ல் வெளிவரத் தொடங்கிய தன் சட்ட விளக்க நூலில் இதைப் பளிச்சென்று எழுதிவைத்தார்: கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள்.

அந்த ஒரே ஆள் கணவன்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய ரொக்கம், நகை, தட்டுமுட்டுச் சாமான், அவள் சம்பாதிக்கும் கூலி எல்லாம் அவனுக்குச் சொந்தம். நிலம் இருந்தால் கல்யாணம் நீடிக்கும் வரை நிர்வாகமும் வருமானமும் அவனுக்கு. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. பிள்ளைகள் தகப்பனுக்குத்தான்.

வெளியே வர வழியும் கிடையாது. மறுமணம் செய்துகொள்ளும்படியான முழு விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை அதற்கென்று தனியாக ஒரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற வேண்டும். பெரும் பணக்காரர்களால்தான் முடியும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1857 வரை அப்படிக் கிடைத்த விவாகரத்துகள் மொத்தமே 300-க்குக் கொஞ்சம் மேல். அதில் மனைவி கேட்டு வாங்கியவை நாலே நாலு. திருமணமான பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. நாம் பேசப்போகும் நாவல்கள் எல்லாம் அதற்கு வெகுகாலம் முந்தியவை.

வசதியுள்ள குடும்பங்கள் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தன. அதுதான் ‘செட்டில்மென்ட்’: பெண்ணுக்கு இவ்வளவு பணம் தனியாக, கணவன் செத்தால் வருஷத்துக்கு இவ்வளவு என்று கல்யாணத்துக்கு முன்பே வக்கீல்களை வைத்து எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். இந்த நாவல்களில் வக்கீல் வந்தார், காகிதம் தயாராகிறது என்று அடிக்கடி வரும். அலுப்பான இடம் என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே காப்பீடு அது.

ஆக, இதுவரை பார்த்தது இவ்வளவுதான். கல்யாணம் திருப்பி எடுக்க முடியாத ஒப்பந்தம். அதற்குப் பிறகு பெண்ணுக்குச் சட்டத்தில் தனிக் குரல் இல்லை. அவளுடைய பலம் எல்லாம் அதற்கு முந்தைய சில மாதங்களில் இருக்கிறது.

சட்டம் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி

இவ்வளவையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட அதே அமைப்பு, எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருந்தது. இதைக் கவனித்தால்தான் நாவல்கள் புரியும். இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டப்படி இருவரின் சம்மதமும் இல்லாமல் கல்யாணம் செல்லாது. பாதிரியார் பெண்ணைப் பார்த்து "இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்பார். அவள் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அப்பா எவ்வளவு பெரிய ஜமீன்தாராக இருந்தாலும் அந்த ஒரு சொல்லை அவளுக்குப் பதிலாக அவர் சொல்ல முடியாது.

அவள் வாழ்நாளில் சட்டம் அவளை ஒரு முழு மனுஷியாக மதித்துக் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். அதனால் எல்லா அழுத்தமும் அங்கே போய் மொய்க்கிறது. அடிக்கலாம், அறையில் பூட்டலாம், பட்டினி போடலாம், பணம் காட்டலாம், கொஞ்சலாம், ஆனால் கடைசியில் அவள் வாய் திறந்தாக வேண்டும். ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’யில் ஹென்றி டில்னி என்ற இளைஞன் நடனத்தையும் கல்யாணத்தையும் ஒப்பிட்டுப் பேசும்போது இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறான்: இரண்டிலும் தேர்ந்தெடுக்கும் வசதி ஆணுக்கு, மறுக்கும் அதிகாரம் மட்டும் பெண்ணுக்கு.

அந்த மறுக்கும் அதிகாரம்கூடச் சும்மா கிடைத்துவிடாது. 1778-ல் ஃபிரான்சஸ் பர்னி பெயர் போடாமல் வெளியிட்ட ‘எவலினா’வில் கிராமத்திலிருந்து லண்டனுக்கு வரும் பெண், தன் முதல் நடன விருந்தில் ஒரு மினுக்குப் பேர்வழியோடு ஆட மறுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் வேறொருவர் கேட்டதும் ஆடுகிறாள். அங்கே அது பெரிய மரியாதைக் குறைவு. ஒருவருக்கு மறுத்தால் அன்று மற்றவரோடும் ஆடக் கூடாது என்பது வழக்கம், அவளுக்கு அது தெரியாது. ஒரு நடனத்துக்கே இவ்வளவு என்றால் கல்யாணத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

குடும்ப நாவல் என்றால் என்ன, அதில் கடிதத்துக்கு என்ன வேலை

குடும்ப நாவல் என்று இங்கே நான் சொல்வது, போர், கடல் பயணம், ராஜாங்க விவகாரம் என்றெல்லாம் போகாமல் வீட்டுக்குள் நடப்பதையே கதையாகச் சொல்லும் நாவலை. சாப்பாட்டு மேஜை, படுக்கையறை, தோட்டம், தேவாலயம், பக்கத்து வீட்டு விருந்து, இவைதான் களம். ஆங்கிலத்தில் இந்த வகையை ஊரெல்லாம் பேசவைத்த முதல் புத்தகம் 1740-ல் வந்த ‘பாமெலா’. எழுதியவர் சாமுவேல் ரிச்சர்ட்சன், லண்டனில் அச்சகம் நடத்தியவர், அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். எழுதத் தெரியாதவர்களுக்கு மாதிரிக் கடிதங்கள் கொடுக்கும் ஒரு கையேட்டை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு இந்த நாவல் யோசனை வந்தது.

அதனால் ‘பாமெலா’ முழுக்கக் கடிதங்களாகவும் நாட்குறிப்பாகவும் இருக்கிறது. இதைக் கடித நாவல் என்பார்கள். ஏதோ பழைய கால அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியே ஒரு பெண் "மாட்டேன்" என்றால் அது வெட்கம், பிகு, பேரம் என்று யார் வேண்டுமானாலும் அர்த்தம் பண்ணலாம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அப்பாவுக்கு எழுதும் கடிதத்தை நாம் படிக்கும்போது, அந்த மறுப்பு உள்ளேயிருந்து எப்படி வருகிறது, எங்கே தடுமாறுகிறது, எங்கே பயப்படுகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வேலைக்காரப் பெண்ணின் மனசுக்கு அவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியதே அந்தக் காலத்துக்குப் புதுசு.

குளக்கரையில் படிக்கப்பட்ட கடிதம்

பாமெலாவுக்கு 15 வயது. அவளுக்கு எழுத்தும் கணக்கும் தையலும் கற்றுக்கொடுத்த எஜமானி அம்மா இறந்துபோகிறார். மகன், நாவலில் மிஸ்டர் பி என்று மட்டும் சொல்லப்படுபவர், அவள்மேல் கை வைக்கப் பார்க்கிறார். அவள் மறுக்கிறாள். ஊருக்குப் போகிறேன் என்கிறாள். ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றி, லிங்கன்ஷயரில் உள்ள தன் இன்னொரு மாளிகைக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கிறார். காவலுக்கு ஒரு கொடூரமான பெண்மணி. அப்புறம் எழுத்துமூலமாக ஒரு பேரம் வருகிறது: 500 கினி ரொக்கம், ஒரு நிலம், துணிமணி, நகை, பதிலுக்கு அவள் அவரோடு இருக்க வேண்டும். பாமெலா ஒவ்வொரு ஷரத்துக்கும் வரிசையாகப் பதில் எழுதி மறுக்கிறாள். ஒரு பெரிய இடத்து ஆணின் ஒப்பந்தத்துக்கு ஒரு வேலைக்காரப் பெண் எதிர் ஒப்பந்தம் போல எழுதுகிற அந்தப் பக்கங்களை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

தப்பிக்கவும் பார்க்கிறாள். இரவில் ஜன்னல் வழியாக இறங்கி, தான் மூழ்கிவிட்டதாக நினைக்கட்டும் என்று பாவாடையையும் கழுத்துத் துணியையும் குளத்தில் எறிந்துவிட்டு, தோட்டச் சுவரில் ஏறுகிறாள். செங்கல் பெயர்ந்து மேலே விழுந்து அடிபடுகிறது. நொண்டிக்கொண்டே குளக்கரைக்கு வந்து உட்காரும்போது, பொய்யாக எறிந்த துணிக்குப் பின்னால் நிஜமாகவே தானும் விழுந்துவிடலாமா என்று தோன்றுகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அந்த எண்ணத்தோடு போராடி, பிறகு தள்ளாடியபடி விறகுக் கொட்டகைக்குப் போய் ஒளிந்துகொள்கிறாள்.

இதையெல்லாம் அவள் எழுதி வைத்திருக்கிறாள். காகிதங்களை உள்பாவாடையில் இடுப்பைச் சுற்றித் தைத்து வைத்திருக்கிறாள். உடையைக் களைந்தாவது எடுப்பேன் என்று மிரட்டி மிஸ்டர் பி அவற்றை வாங்குகிறார். வாங்கிக்கொண்டு, அதே குளக்கரைக்கு அவளைக் கூட்டிப்போய், அங்கே நின்று அந்தப் பக்கத்தைப் படிக்கிறார். படித்துவிட்டு எழுந்து சுவருக்குப் போய், விழுந்த செங்கற்களைப் பார்க்கிறார். அதுவரை அவர் பாமெலாவின் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன "மாட்டேன்" உண்மையானது என்று அவருக்கு முதன்முதலாக உறைப்பது ஒரு காகிதத்தைப் படித்தபோதுதான்.

அதற்கப்புறம் ரிச்சர்ட்சன் செய்த ஒன்றை நோட்ஸ் எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். மிஸ்டர் பி அவளை வண்டியேற்றி, உண்மையாகவே பெற்றோர் ஊருக்கு அனுப்பிவிடுகிறார். வழியில்தான் ‘திரும்பி வர முடியுமா’ என்று கெஞ்சி அவருடைய கடிதம் வருகிறது. அவள் யோசித்து, தானாகத் திரும்புகிறாள். போக வழி இருந்தால்தான் "சரி" என்பதற்கு மதிப்பு என்று அந்த அச்சகக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்காக நான் முடிவை நியாயப்படுத்தவில்லை. கடத்தியவனையே கட்டிக்கொள்வது கசப்பாகத்தான் இருக்கிறது, அன்றைக்கும் பலருக்குக் கசந்தது. ஒரு பக்கம் லண்டனில் ஒரு பாதிரியார் பிரசங்க மேடையிலேயே இந்த நாவலைப் படிக்கச் சொன்னார். மறுபக்கம் 1741-லேயே ஹென்றி ஃபீல்டிங் ‘ஷாமெலா’ என்று கேலி நாவல் எழுதி, இவள் கணக்குப் போட்டுப் பெரிய மீனாகப் பிடித்தவள் என்றார். ஈலைசா ஹேவுட் ‘ஆன்டி-பாமெலா’ எழுதினார். பெண் மறுத்தால் அதைப் பேரம் என்று சந்தேகிப்பது அன்றே தொடங்கிவிட்டது.

நடுவில் ஒரு சொல் பற்றி

‘பாமெலா’வின் துணைத் தலைப்பில் ‘வர்ச்சூ’ என்ற சொல் இருக்கிறது. நாம் உடனே "கற்பு" என்று பெயர்த்துவிடுகிறோம், அங்கேதான் பாதிக் குழப்பமும். உடல் தூய்மை என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் வேர் லத்தீனில் ஆண்மை, வீரம் என்ற பொருள் தருவது. நேர்மை, நெஞ்சுரம், கொண்ட கொள்கையில் நிற்பது எல்லாம் அதற்குள் வரும். தமிழில் ‘அறம்’ என்று போட்டுப் படித்தால் பாமெலாவின் கடிதங்கள் வேறு மாதிரிக் கேட்கும். தான் ஏழை, ஆனாலும் தன் ஆன்மா ஒரு இளவரசியின் ஆன்மாவுக்குச் சமம் என்று அவள் எழுதும் இடத்தில் கற்பைவிடப் பெரிய ஏதோ ஒன்றைப் பேசுகிறாள்.

கிளாரிஸா: மறுப்பு கடைசிவரை போனால்

‘பாமெலா’ எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பார்த்த ரிச்சர்ட்சன், 1747–48-ல் ஏழு தொகுதிகளாக ‘கிளாரிஸா’வை வெளியிட்டார். கிட்டத்தட்ட பத்து லட்சம் சொற்கள். எனக்குப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. ஆங்கிலத்தில் நான் படித்த நாவல்களில் என்னை இவ்வளவு உலுக்கியது வேறு இல்லை.

கிளாரிஸா ஹார்லோ பணக்கார வீட்டுப் பெண். தாத்தா அவள் பெயருக்கு ஒரு சொத்து எழுதிவைத்துவிட்டுப் போகிறார், வீட்டில் எல்லாப் பிரச்சினையும் அங்கே ஆரம்பிக்கிறது. குடும்ப அந்தஸ்தை உயர்த்த வேண்டும் என்ற வெறியில் இருக்கும் அண்ணனும், அப்பாவும், சோல்ம்ஸ் என்ற பணக்காரனுக்கு அவளைக் கட்டிவைக்கத் துடிக்கிறார்கள். சோல்ம்ஸ் எழுதித் தருவதாகச் சொல்லும் செட்டில்மென்ட் அவர்களுக்கு அவ்வளவு லாபம். கிளாரிஸா, நான் கல்யாணமே செய்துகொள்ளாமல் இருக்கிறேன், சொத்தையும் விட்டுக்கொடுக்கிறேன், இவரை மட்டும் வேண்டாம் என்கிறாள். அறையில் பூட்டுகிறார்கள். சட்டம் கேட்கும் அந்த ஒரு சொல் அவளிடம் இருக்கிறது, அதைப் பிடுங்க முடியாமல் ஒரு குடும்பமே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் திணறுகிறது.

அந்த நெருக்கடியைப் பயன்படுத்தி லவ்லேஸ் என்பவன் அவளை ஏமாற்றி வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகிறான். இவன் ‘ரேக்’, அதாவது பணமும் குலமும் உள்ள, பெண்களைக் கெடுப்பதையே விளையாட்டாக வைத்திருக்கும் ஆண். பார்க்க அழகன், கடிதம் எழுதினால் கண்ணை எடுக்க முடியாது. லண்டனில் கௌரவமான வீடு என்று சொல்லி ஒரு விபச்சார விடுதியில் தங்கவைக்கிறான். எதற்கும் அவள் இணங்காததால் மருந்து கொடுத்து மயக்கி வன்புணர்வு செய்கிறான். நண்பனுக்கு அவன் எழுதும் கடிதம் இரண்டே வரியில் முடிகிறது: விஷயம் முடிந்தது, கிளாரிஸா உயிரோடு இருக்கிறாள்.

இங்கேதான் நாவலின் உயிர். நடந்தது நடந்துவிட்டது, அவனையே கட்டிக்கொண்டால் மானம் தப்பும் என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவளுடைய உற்ற தோழி அன்னா ஹவ்கூட அப்படித்தான் எழுதுகிறாள். லவ்லேஸும் கட்டிக்கொள்ளத் தயார். கிளாரிஸா மாட்டேன் என்கிறாள். என் சம்மதம் இல்லாமல் என் உடம்புக்கு நடந்தது என்னைக் குற்றவாளி ஆக்காது, அதைக் கல்யாணத்தால் மூடினால்தான் நான் குற்றத்துக்கு உடந்தை ஆவேன் என்பது அவளுடைய நிலை. 1748-ல் இதை ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் பஞ்சாயத்துகளைப் பற்றி இன்றைக்கும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

கடைசி நாட்களில் அவள் தனக்கான சவப்பெட்டியைத் தானே சொல்லிச் செய்து வாங்கி, படுக்கையறை ஜன்னலோரம் வைத்து, அதையே எழுதுமேஜையாகப் பயன்படுத்துகிறாள். அதன்மேல் சாய்ந்து கடிதங்கள் எழுதுகிறாள். தொகுதிகள் வெளிவந்துகொண்டிருக்கும்போதே வாசகர்கள், அவளைச் சாகவிடாதீர்கள், லவ்லேஸைத் திருத்திக் கட்டிவையுங்கள் என்று ரிச்சர்ட்சனிடம் மன்றாடினார்கள். லேடி பிராட்ஷே என்ற பெண்மணி புனைபெயரில் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். அவர் மசியவில்லை. திருந்திய ரேக்தான் நல்ல கணவன் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அது ஆபத்தான பொய் என்று காட்டவே அந்த நாவல்.

கொஞ்சம் மூச்சு விட்டுப் பார்ப்போம். ‘பாமெலா’வில் மறுப்புக்குப் பரிசாகக் கல்யாணம் வருகிறது. ‘கிளாரிஸா’வில் கல்யாணத்தையே மறுப்பது ஒழுக்கம் ஆகிறது. இரண்டிலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண்ணின் சம்மதம் உண்மையானதா, அதை யாராவது கேட்டார்களா?

1753-ல் மாறிய ஒன்று

அந்தக் காலத்தில் எது செல்லுபடியாகும் கல்யாணம் என்பதிலேயே குழப்பம் இருந்தது. லண்டனின் ஃபிளீட் கடன்காரர் சிறையைச் சுற்றியிருந்த சந்துகளில் காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் கல்யாணம் செய்துவைக்கும் பாதிரியார்கள் இருந்தார்கள். ‘பாமெலா’வில் மிஸ்டர் பி ஒரு கட்டத்தில் போலிக் கல்யாணம் நடத்த நினைப்பது அதனால்தான் வாசகருக்கு நம்பும்படி இருந்தது. 1753-ல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது: தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்பு அல்லது உரிமம், பதிவேட்டில் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், 21 வயதுக்குக் கீழே உரிமம் பெற்றுக் கட்டினால் பெற்றோர் அனுமதி. ஸ்காட்லாந்துக்கு அது பொருந்தாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் ஓடிப்போகும் ஜோடிகளின் ஊர் ஆனது அப்படித்தான்.

ஆஸ்டினிடம் வந்தால்: நாற்பது பவுன் கணக்கு

ஜேன் ஆஸ்டின் நாவல்களில் கடத்தல் இல்லை, பூட்டிய அறை இல்லை. வரவேற்பறையும் தேநீரும்தான். அதனால் அழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பூட்டின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது.

1813-ல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ வீட்டில் ஐந்து பெண்கள். அப்பா பென்னட்டுக்கு வருஷம் 2,000 பவுன் (இங்கிலாந்துப் பணம், தங்கக் கணக்கு இல்லை) வருமானம். ஆனால் நிலம் ‘என்டெயில்’ செய்யப்பட்டது, அதாவது ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி முன்பே கட்டப்பட்டது. அப்பா கண்ணை மூடினால் வீடு தூரத்து உறவினர் காலின்ஸுக்கு. இரண்டாவது மகள் எலிசபெத்துக்கு மிஞ்சப்போவது, அம்மா இறந்த பிறகு, 4 சதவீத வட்டியில் 1,000 பவுன். வருஷத்துக்கு 40 பவுன். இதை நமக்குச் சொல்வது யார் தெரியுமா? அதே காலின்ஸ், அவளிடம் கல்யாணம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

அந்தக் காட்சியை எல்லாரும் சிரித்துக்கொண்டே படிக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை சிரிக்காமல் படித்துப் பாருங்கள். எலிசபெத் மரியாதையாக மறுக்கிறாள். மனசுக்குள் சம்மதம் வைத்துக்கொண்டு வெளியே மறுப்பது பெண்களின் வழக்கம் என்கிறார் காலின்ஸ். அவள் அழுத்திச் சொல்கிறாள். இன்னொருத்தர் உன்னைக் கேட்டு வருவாரா என்பதே நிச்சயமில்லை என்கிறார். நாசூக்கான சீமாட்டி என்று நினைக்காதீர்கள், உண்மை பேசும் ஒரு அறிவுள்ள உயிராக நினையுங்கள் என்கிறாள். அப்போதும் அவர் நம்பவில்லை. மிஸ்டர் பி-யும் லவ்லேஸும் பலாத்காரமாகச் செய்ததன் சாதுவான வடிவம் இது: அவள் சொல்லுக்கு அர்த்தம் நான் வைப்பதுதான்.

அவளுடைய தோழி சார்லட் லூக்கஸுக்கு வயது 27, அழகும் இல்லை, பணமும் இல்லை. மூன்றாம் நாளில் அதே காலின்ஸை அவள் ஏற்றுக்கொள்கிறாள். அவர் வீட்டை நோக்கி வருவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, தற்செயலாகச் சந்திப்பதுபோல் வழியில் போய் நிற்கிறாள். பின்னால் எலிசபெத் அவள் வீட்டுக்குப் போய்த் தங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கிறாள். நல்ல பெரிய அறை இருக்கும்போது சார்லட் ஏன் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறாள்? அந்த அறையிலிருந்து சாலை தெரியாது. சாலை தெரியாத அறைக்குக் கணவர் அடிக்கடி வரமாட்டார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்பிவைப்பதும் அவள்தான். ஆஸ்டின் அவளைத் திட்டவில்லை. அந்த அறையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒரு கல்யாணத்தின் முழுக் கணக்கும் அந்த அறைக்குள் இருக்கிறது.

எலிசபெத்தை இரண்டு தடவை கல்யாணம் கேட்டு, கடைசியில் கட்டிக்கொள்ளும் பணக்காரர் டார்சி. அவருடைய பணம்தான் எலிசபெத்தை மாற்றியது என்பவர்கள், அவருக்கு வருஷம் 10,000 பவுன் என்று தெரிந்தே முதல் தடவை அவள் மறுத்ததை மறந்துவிடுகிறார்கள். 40 பவுன் கையில் வைத்திருக்கும் பெண் 10,000 பவுனை மறுக்கிறாள். டார்சி செய்த நல்ல காரியம், அவளுடைய மறுப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. கோபித்தார், விளக்கக் கடிதம் கொடுத்தார், ஒதுங்கிப் போனார். அவள் தங்கை லிடியா ஓடிப்போனபோது, தேடிப் பிடித்துப் பணம் கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். இரண்டாம் தடவை கேட்கும்போது, என் மனசு மாறவில்லை, உங்கள் ஒரு சொல் போதும், இனி எப்போதும் இதைப் பேசமாட்டேன் என்கிறார். இந்த நாவல் வரிசையில் ஒரு ஆண் பாடம் கற்றுக்கொண்டதற்கு அடையாளம் அந்த வாக்கியம்தான் என்று நான் நினைக்கிறேன்.

லிடியா விஷயத்தில் அக்காக்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பார்கள். ஒரு பெண்ணின் பெயர் கெட்டால் மற்ற நால்வரையும் கேட்டு யாரும் வரமாட்டார்கள். கல்யாணம் ஒன்றே பிழைப்பு என்ற இடத்தில் அது ஐந்து பேருக்கும் பட்டினி.

கணப்பில் எரிந்த நெருப்பு

1814-ல் வந்த ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ பலருக்குப் பிடிக்காத நாவல், கதாநாயகி ஃபேனி பிரைஸ் சாதுவாக இருக்கிறாள் என்பதால். எனக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும். பெரியப்பா சர் தாமஸ் வீட்டில் தயவில் வளரும் ஏழைப் பெண். பணக்கார ஹென்றி கிராஃபோர்ட் அவளைக் கேட்கிறான். அவன் வேறு பெண்களோடு நடந்துகொண்டதைப் பார்த்தவள் என்பதால் மறுக்கிறாள். பேச சர் தாமஸ் அவள் அறைக்கு ஏறி வருகிறார். வெளியே பனி. அறையில் கணப்பு எரியவில்லை. இத்தனை வருஷம் அவள் அப்படித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. நன்றிகெட்டவள் என்ற பொருள்பட அவளை அழவைத்துவிட்டுப் போகிறார். அவள் நடந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இனி தினமும் மூட்டச் சொல்லி உத்தரவு.

அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் சோறு போட்டவர், நெருப்பு மூட்டியவர், அவர் கேட்பது ஒரே ஒரு "சரி". அந்த வெதுவெதுப்புக்கு எதிராக "மாட்டேன்" என்று சொல்வது கிளாரிஸாவின் பூட்டிய அறையிலிருந்து சொல்வதைவிடச் சுலபமா? ஃபேனி சொல்கிறாள். கடைசியில் ஹென்றி, கல்யாணமான இன்னொரு பெண்ணோடு ஓடிப்போகிறான், அதுவும் சர் தாமஸின் சொந்த மகளோடு.

ஆஸ்டின் சொன்ன சொல்

1802 டிசம்பர் 2. ஜேனும் அக்கா கசாண்ட்ராவும் ஹாம்ப்ஷயரில் மேனிடவுன் என்ற பெரிய வீட்டில் தோழிகளோடு தங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டு வாரிசு ஹாரிஸ் பிக்-விதர், வயது 21, மாலையில் ஜேனைக் கல்யாணம் கேட்கிறார். ஜேனுக்கு இரண்டு வாரத்தில் 27 ஆகப்போகிறது. சொத்து இல்லை. புத்தகம் ஒன்றும் வெளிவரவில்லை, முதல் நாவலுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. அப்பா அம்மா வயதானவர்கள். இந்தக் கல்யாணம் நடந்தால் அவர்களுக்கும் அக்காவுக்கும் சாகும்வரை கூரை நிச்சயம். "சரி" என்கிறார்.

இரவு போகிறது. காலையில் ஹாரிஸைக் கூப்பிட்டு, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அப்புறம் அந்த வீட்டில் இருக்க முடியாது. சகோதரிகள் இருவரும் வண்டியேறி, ஸ்டீவன்டனில் இருந்த அண்ணன் ஜேம்ஸ் வீட்டுக்கு வந்து இறங்கி, எங்களை உடனே பாத் நகருக்குக் கொண்டுபோய் விடு என்று பிடிவாதமாக நிற்கிறார்கள்.